விலா

நெஞ்சில் கை வைத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

அவன்தான்.

போன மாதம் இதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவனுடைய அப்பாவைக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே உயிர் போயிருந்தது. அதைச் சொன்னது டாக்டர். அவன் கையால் கன்னத்தில் அறை வாங்கியது பக்கத்தில் நின்ற நர்ஸ், அவள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மறுநாள் பெரிய டாக்டர் அவளைத்தான் கூப்பிட்டார்.

"துக்கத்துல இருக்கிற மனுசன். நீயே ஒரு சாரி சொல்லிடும்மா. எதுக்குப் பிரச்சனை?"

சொன்னாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இவள் நின்றுகொண்டு சொன்னாள்.

அறை கன்னத்தோடு போயிற்று. அந்தச் சாரி இன்னும் தொண்டையிலேயே கிடக்கிறது.

இப்போது அவன் இதயம் நின்றிருந்தது.

அழுத்தினாள்.

மார்பெலும்பு இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். பாவம் பார்த்து அழுத்தினால் ஆள் போய்விடுவான் என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

அவள் பாவம் பார்க்கவில்லை.

உள்ளே ஏதோ முறிந்தது. விலா எலும்பு. டாக்டர் இன்பராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முறியும், சகஜம்.

இன்னொன்றும் முறிந்தது. நன்றாக இருந்தது அவளுக்கு. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே இருந்தது.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கை ஓய்ந்தால் அழுத்தம் குறைந்துவிடும்.

"தள்ளுங்கக்கா, நான் பண்றேன்," என்றாள் உடன் வேலை பார்க்கும் செல்வராணி.

தள்ளவில்லை. கையும் ஓயவில்லை.

செத்துத் தொலையட்டும் என்று அவள் நினைக்கவில்லை. பெரிய மனதெல்லாம் ஒன்றுமில்லை. செத்தால் நல்லவனாகிவிடுவான். ஊரே அழும். தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டுவார்கள். அறைந்த கையையும் சேர்த்து எரித்துவிடுவார்கள். பிறகு இவள் யாரிடம் போய்க் கேட்பது?

அவ்வளவு சுலபமா விட்டுருவேனா உன்னை. எந்திரிடா.

ஷாக் கொடுத்தார்கள். அழுத்தினாள். மறுபடி ஷாக்.

திரையில் துடிப்பு வந்தது.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்க கையாலதான் சிஸ்டர் பொழைச்சான்."

வெளியே அவன் மனைவி அவள் காலில் விழ வந்தாள். தடுத்துத் தூக்கி நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

மதியத்துக்குள் அவனுக்கு நினைவு திரும்பியது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகம் கோணியது. அவன் கண்ணில் படும்படி போய் நின்றாள்.

அடையாளம் தெரிந்துவிட்டது.

அவன் கண் கலங்கியது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வலது கையை, அறைந்த அதே கையை, மெல்லத் தூக்கினான். நெஞ்சுவரை கொண்டுபோனான், கும்பிட.

ஒரு மாதமாக அவள் தூங்காமல் கிடந்தது இதற்காகத்தான்.

அந்தக் கையைப் பிடித்தாள். திரும்ப மெத்தைமேல் கொண்டுவந்து வைத்தாள். சற்று நேரம் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கையை அசைக்காதீங்க சார். ட்ரிப்ஸ் கழண்டுரும்."

ட்ரிப்ஸ் இடது கையில் ஏறிக்கொண்டிருந்தது.