ஐந்தாம் இரவுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி

சமையலறை மேசை முழுக்க ஐஸ்லாந்தின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. சைக்கிளில் மலைநாட்டைக் கடக்கப்போகும் பயணத்தில் ஒவ்வொரு இரவின் கூடாரத்துக்கும் ஒரு சர்க்கரைக் கட்டி. ஐந்தாவதை ஹெர்டிஸ் பனிமலை ஆற்றுக்கு இக்கரையில் வைக்கிறாள். கணவன் ஓர்ரி அதை விரலால் அக்கரைக்குத் தள்ளுகிறான். “சாயங்காலமே தாண்டிரலாம்டி.” “போன வருஷமும் இதே வாய்தான் சொல்லிச்சு. சைக்கிள் ஆத்தோட போச்சு. உன்னைக் கயிறு போட்டு இழுத்தது யாரு? பகலெல்லாம் பனி உருகி வந்த தண்ணி, விடியக்காலைலதான் வடியும்.” ஜன்னல் வெயிலில் அவன் காதுமடல் சிவந்து தெரிகிறது. அவள் அந்தக் கட்டியை எடுத்துக் காப்பியில் நனைக்கிறாள். பழுப்பு மெல்ல மேலேறுகிறது. கட்டி விரலிடையே பொடிந்து உள்ளே விழுகிறது. பார்த்துக்கொண்டிருந்த ஓர்ரி டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து இக்கரையிலேயே வைக்கிறான், அவள் வைத்த இடத்தைவிட ஆற்றிலிருந்து இன்னும் ஒரு விரற்கடை தள்ளி.