தோற்க அடம்பிடித்தவர்

“அந்தக் கிழவரோட அட்ரஸ் எனக்கு வேணும் சார். இப்பவே!”

அவள் போட்ட சத்தத்தில் மேலாளர் நாற்காலியோடு பின்னால் உருண்டார். செயலியில் எதிரே ஆடுபவர் யார், எந்த ஊர் என்று கேட்டால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று முதல் நாளே மிரட்டி வைத்தவர் அவர். “பெரிய இடத்துல வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்காதடி” என்று அம்மாவும் தினமும் ஓதித்தான் அனுப்புவாள். மூட்டை தூக்கும் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண் இவள். ஆனால் அந்த வாயை அடக்க யாராலும் முடியவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்றே பெயர்.

“மொதல்ல கதவைச் சாத்து. என்னாச்சு?”

“படிச்சுப் பாருங்க.” கைபேசியை நீட்டினாள்.

‘டீச்சர், இதுதான் என் கடைசி ஆட்டம். நீங்களாவது நல்லா இருங்க. இனிமே நான் இருக்க மாட்டேன்.’

அவள் டீச்சர் இல்லை. கட்டங்களில் எழுத்தடுக்கும் ஆங்கில வார்த்தை விளையாட்டு ஆடுவதுதான் அவளுக்கு வேலை. செயலியில் ஆட வருகிறவர்களுக்கு எதிரே, ஏதோ ஒரு தேசத்து ஆள்போலப் பொய்ப்பெயரில் உட்கார வேண்டும். ஓய்வுபெற்ற டீச்சர் வேஷம் அவளுக்கு. முட்டி மோதி, கடைசியில் மயிரிழையில் தோற்றுப்போக வேண்டும். ஜெயித்த ருசி கண்டவன்தான் மறுபடியும் வருவானாம்.

இந்தக் கிழவரிடம் தோற்பதற்குள்தான் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும். எவ்வளவு இடம் விட்டுக்கொடுத்தாலும் மனுஷன் ஈரெழுத்து, மூவெழுத்தைத் தாண்ட மாட்டார். ஒருநாள் ‘ஆய்’ என்று வைத்தார். பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பார்த்தால், மரத்தில் தலைகீழாகத் தொங்கும் சோம்பேறி விலங்காம். ‘ஸோ’ என்றால் மலைமாடு. ‘கூம்’ என்றால் மலைப்பள்ளம்; ஆங்கிலத்தில் ‘cwm’, அதில் ஓர் உயிரெழுத்துகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதுவார். மனைவி போனபிறகு பேச ஆளில்லை என்றும் எழுதியிருந்தார்.

“ஒரு உயிர் சார்! அட்ரஸ் தர மாட்டீங்கன்னா போலீசுக்காவது சொல்லுங்க.”

“ஏம்மா, என் தலைல கல்லைப் போடறே?”

“நான் பொய் சொல்லிப் பழகினேன். அந்த மனுஷன் அதை நம்பி மனசைக் கொட்டினாரு. வேலை போனாப் போகட்டும்.” கழுத்து அட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டாள். “நான் யாருன்னு அவர்கிட்ட சொல்லப்போறேன்.”

மேலாளர் அட்டையை அவள் பக்கமே தள்ளினார். பிறகு சிரித்துவிட்டார்.

“கிழவரும் இல்ல, கிழங்கும் இல்ல. நிஜமா ஆட வந்தவங்க எப்பவோ போயாச்சு. கூட்டமில்லாத கடைக்கு எவன் முதல் போடுவான்? அதான் உங்க மாடியையும் மேல்மாடியையும் மோத விட்டிருக்கோம். உன் கிழவரு உன் வயசுப் பையன். அவனுக்கும் தோக்கத்தான் சம்பளம்.”

அத்தனை நாளும் இரண்டு பேரும் தோற்பதற்கா போட்டி போட்டார்கள்?

“அப்போ... பொண்டாட்டி செத்தது?”

“வேஷம்.”

“தனியா இருக்கேன்னது?”

“அதுவும் நாங்க சொல்லிக் கொடுத்ததுதான். ரெண்டு மாடிக்கும் ஒரே வாத்தியார், நான்தான். அட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு சீட்டுக்குப் போ.”

அவள் அட்டையைத் தொடவில்லை.

“எனக்கும் நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க? நலம் விசாரி, பாராட்டு, நாளைக்கு வான்னு கூப்பிடு. போயிட்டு வரேன்னுகூடச் சொல்லாதே, ஆள் திரும்பி வரமாட்டான்னீங்க. அதுல சாவு எங்க சார் வருது?”

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. கைபேசியை வாங்கி இன்னொரு முறை படித்தார்.

“இது... நான் சொல்லிக் கொடுத்தது இல்லையே.”

“அவன் சீட்ல இருக்கானா?”

“இல்ல. தலை வலிக்குது, கொஞ்சம் காத்தாட நிக்கணும்னு வந்து மொட்டைமாடி சாவி கேட்டான்.” அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்... நானே எடுத்துக் கொடுத்தேன்.”

டீச்சர் வேஷத்தை அந்த அறையிலேயே விட்டுவிட்டு, “டேய், நில்லுடா!” என்று தன் சொந்தக் குரலில் கத்திக்கொண்டே அவள் படியேறினாள்.