கேனில் வந்த ஆறு

ஆடிப்பெருக்கன்று வறண்ட ஆற்றுக்கு ஆட்கள் வந்தார்கள். மணலில் குழி தோண்டி, கேனில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, மஞ்சளும் பூவும் காதோலை கருகமணியும் போட்டுக் கும்பிட்டார்கள்.

"தாயே, எங்களைக் கைவிட்டுடாதே," என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான செண்பகவல்லி.

வெயில் ஏறியதும் காலிக் கேனை மணலிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

"அந்தத் தண்ணி ஏது?" என்று ஆறு கேனைக் கேட்டது.

"உன் கரையில போட்ட போர்ல புடிச்சதுதான்."

"அப்போ அதுவும் நான்தான்," என்றது ஆறு.

மணல் கொதித்தது. கரையில் ஒருவரும் இல்லை.

"என்னைத் தேடி வருவாங்கல்ல?" என்று கேன் மெல்லக் கேட்டது.

"வருவாங்க," என்றது ஆறு. "அடுத்த ஆடிக்கு. வேற கேனோட."