ஒரு பிடி மண்

என் மகள் தலையில் நாவிதர் கடைசி இழுப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது, கோயில் கேட்டுக்கு வெளியே அவனைப் பார்த்தேன்.

தேவேந்திரன். கார் நிக்கோபார் தீவில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கட்டட வேலை எடுத்திருக்கும் கான்ட்ராக்டர்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறான்?

சௌமியாவுக்கு நாலு வயது. மூளைக்காய்ச்சல். வலிப்பு வந்து வந்து உடம்பு விறைத்துக் கிடந்தாள். போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பலுக்குக் காத்திருக்க முடியாது. ஹெலிகாப்டரிலோ எல்லா சீட்டும் நிறைந்திருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார எனக்கு ஒரே ஒரு சீட்டு வேண்டும். கடைசியாக டிக்கெட் எடுத்தவன் இவன் என்பதால் இவனைத்தான் இறங்கச் சொன்னார்கள்.

இறங்கமாட்டேன் என்றான்.

"உத்ரோ பாய், பச்சி சீரியஸ் ஹை" என்று, பிள்ளைக்கு ஆபத்து இறங்கிவிடு என அங்கிருந்த ஊழியர் இந்தியில் கெஞ்சினார். இவன் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெரிய மீசைக்குக் கீழே வாய் என்னென்னவோ கத்தியது. ஹெலிகாப்டர் விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? வலிப்பில் கிடக்கிற பிள்ளையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒருத்தன் சீட்டைவிட்டு எழுந்திருக்கமாட்டேன் என்றால், அவனெல்லாம் என்ன மனுஷன்?

கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து இழுத்து இறக்கினார்கள்.

பிள்ளையை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் மேல் வாரித் தூற்றினேன். அடிவயிற்றிலிருந்து சாபம் விட்டேன். காற்றில் பாதி மண் என் முகத்திலேயே வந்து அடித்தது. கண் எரிய எரியத்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறினேன். தாயே, இவளைக் கொடுத்துவிடு, உன் வாசலில் முடி இறக்குகிறேன் என்று அதே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.

என் அம்மன் நான் கேட்டு எதையும் தட்டியதே இல்லை. கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிள்ளை கேட்டேன், கொடுத்தாள். அந்தப் பிள்ளையின் உயிரைக் கேட்டேன், அதையும் கொடுத்தாள். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து அவள் பேரை எத்தனை முறை சொன்னேனோ, அத்தனை முறை இவனையும் திட்டினேன். இன்று காலை போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆனதும், நேராக ஃபெரி ஏறி அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் அவள் கோயிலுக்கு வந்துவிட்டோம்.

சந்தனம் பூசிய தலையோடு சௌமியா பொங்கல் பானையைப் பார்த்துக் கை தட்டினாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையும் மொட்டை. முடி இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது.

ஓகோ, ஐயாவுக்கும் வேண்டுதலோ! இவனுக்கு வேறு அள்ளிக் கொடுக்கவேண்டுமாக்கும்!

எழுந்தேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"வேணாம் இந்திராணி. அந்தாள ஒண்ணும் சொல்லாத."

இவருக்கு எப்போதுமே ஊரில் நல்ல பேர் வாங்கவேண்டும். கையை உதறிவிட்டு நடந்தேன்.

"ஏன்யா வெளியவே நிக்கிற? உள்ள வா. ஆத்தா முன்னால வந்து நின்னு, அன்னைக்கு ஏன் எந்திரிக்கலன்னு சொல்லு!"

குலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

அவன் கேட்டைத் தொடக்கூட இல்லை. ஓர் அடி பின்னால் போனான்.

கிட்டத்தில் போனபோதுதான் பார்த்தேன். மீசையும் இல்லை.

"உள்ள வரக்கூடாது தங்கச்சி, தீட்டு. அன்னைக்கு இந்த ஊர்ல சாகக் கெடந்த எங்கம்மாவ உசுரோட பாக்கத்தான் கெளம்புனேன். கப்பல்ல வந்து எறங்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு எட்டிப் பார்த்து, பாப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டான்.

அந்தக் கப்பலில்தான் என் வீட்டுக்காரரும் வந்தார். திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றி நான் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"உன் வீட்டுல எழவு விழ!"

அந்த விசிறிச் சத்தத்தில் இவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் இங்கே வந்து என் பிள்ளையை விசாரித்துக்கொண்டு நிற்பானா? கேட்கவேண்டியவளுக்குக் கேட்டிருக்கிறது.

பால் பொங்கி வழிந்தது. குலவை மறுபடி எழுந்தது. எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் யாரையும் பார்க்காமல் நேராகச் சன்னதிக்குப் போனேன். கை கூப்பவில்லை.

"பிள்ளையக் குடுன்னுதானடி கேட்டேன்? மத்ததையும் எதுக்குடி காதுல வாங்குன?"