கடைசிக் கையெழுத்து

“தப்பு. போன தடவையும் ‘கிருமி போயிடுச்சு’ன்னுதான் சொன்னீங்க,” என்றார் டாக்டர் மெஹருன்னிசா.

“படிச்சது நீங்க, பரீட்சை எனக்குங்களா?” என்று கோகிலவாணி சலித்துக்கொண்டாள்.

சட்டம் அப்படி. எச்.ஐ.வி. ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த ஒவ்வொருவரும், அதில் கண்டறிந்ததைத் தம் சொந்த வார்த்தைகளில் சரியாகச் சொல்லும்வரை கட்டுரை அச்சேறாது. நாலாயிரம் பேரில், நாமக்கல் கோகிலவாணிதான் கடைசி ஆள்.

“நான் சொன்னா சிரிக்கக்கூடாதுங்க.”

“சிரிச்சா என்னையத்தான் ஃபெயிலாக்குவாங்க. சொல்லுங்க.”

அவள் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். கணவன் சென்னியப்பன் லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிருமி இல்லை. தன்னிடமிருந்து தொற்றிவிடுமோ என்று பயந்து, ஏழு வருடமாக அவனை லாரியிலேயே படுக்கச் சொன்னது அவள்தான். அவனும் ஒரு நாள்கூட ஏனென்று கேட்டதில்லை.

“கிருமி சாகலைங்க. எனக்குள்ளயே அடங்கிக் கெடக்குது. நான் தெனம் மாத்திரை போட்டு, டெஸ்ட்டுல அது தென்படாம இருக்கற வரைக்கும், கூடப் படுத்தா அவருக்கு வராது. கம்மியா வரும்னு இல்லைங்க. வரவே வராது.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

“இதைத்தாங்க நாங்க நானூறு பக்கத்துக்கு எழுதி வெச்சிருக்கோம்,” என்று சொல்லி, பட்டியலில் அவள் பெயருக்கு நேரே கையெழுத்திட்டார் டாக்டர்.

கோகிலவாணி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“மாமா, லாரியில இருக்கற உங்க தலகாணிய எடுத்துக்கிட்டு உள்ள வர்றீங்களா?”