மாமாவின் முழங்கால்

"மனுஷ உடம்புங்கறது ஒரு மகா சமுத்திரம், மாமா. இறங்கினவனுக்குத்தான் ஆழம் தெரியும்."

இப்படித் திருவாய் மலர்ந்தவன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து எண்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் விடுமுறையில் ஆள் பாதியாக இளைத்து வந்திருந்தான். பாறாங்கல் கனத்தில் புத்தகம், வாரம் ஒரு தேர்வு, தலைமாட்டில் எலும்பை வைத்துக்கொண்டு தூக்கம். ஆனால் இதையெல்லாம் வாய் திறந்து சொல்ல வழியில்லை. "வாங்க டாக்டர்" என்று அப்பா வாசலிலேயே வரவேற்றுவிட்டார்.

மாமா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. போதாக்குறைக்கு, இவனுக்கு இடம் கிடைத்த அன்று, "ஊசியப் பார்த்தா கட்டிலுக்கடியில ஒளியுற பய, இவனா டாக்டரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர். இன்று அந்தக் காலைக் காட்ட வந்து உட்கார்ந்திருக்கும் அவரிடம் தெரியாது என்று சொன்னால் அப்பாவின் தலை நிமிராது.

அவன் நிதானமாக மாமாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வலிக்கிறது காலு, மாப்ளே."

"வலி எங்க இருக்குங்கறது இல்ல மாமா, எங்கேருந்து கிளம்புதுங்கறதுதான் கேள்வி."

மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்பு என்று ஆரம்பித்து, எட்டுக்கும் பெயர் சொன்னான். முழங்கையை மடக்கினான், நீட்டினான். எந்த நரம்பு எந்த விரலுக்குப் போகிறது என்று தோளிலிருந்து கோடு இழுத்துக் காட்டினான். தலைவலி என்று வந்த தங்கைக்கும், இடுப்பு பிடித்துக்கொண்ட அம்மாவுக்கும் அதே மரியாதை நடந்தது. அப்பாவுக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது.

"இத்தனை டாக்டருங்க பார்த்தாங்க, எல்லாரும் காலையே அமுக்கினாங்க. கையைப் பிடிக்கணும்னு ஒருத்தனுக்குத் தோணலையே" என்றார் மாமா.

அப்படியானால் முழங்காலை எப்போது பார்ப்பது என்று கேட்டார். அவசரமே கூடாது, ஆஸ்பத்திரி மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்கு மேல் தானே வந்து பார்ப்பதாக அவன் சொன்னான். தேதியைக்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறானே என்று மாமா மலைத்துப் போனார்.

கல்லூரியில் இதுவரை கைப் பாடம்தான் முடிந்திருந்தது. கால், அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி தொடங்குகிறது.