நாற்காலி கிளம்பிவிட்டது

சொந்த ஊரில் அரையிறுதி. யாருக்காவது நெஞ்சு அளவு மீறிப் படபடத்தால், ஸ்டேடியத்து நாற்காலி அவரை அப்படியே வெளியே உருட்டிக்கொண்டு போய்விடும். அதற்குப் பயந்து மாசிலாமணி மாதக்கணக்கில் மூச்சுப்பயிற்சி செய்திருந்தார். கிரிக்கெட்டே பிடிக்காத மனைவி மரகதத்தைத் தன் கையைப் பிடித்துக்கொள்ள அழைத்து வந்திருந்தார்.

கடைசிப் பந்து. நான்கு ரன் வேண்டும். மாசிலாமணி பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தார். நகர்ந்தது மரகதத்தின் நாற்காலி.

"அடிச்சுத் தொலைடா!" என்று கத்தியவள், "ஐயையோ, நீங்க இருந்து பாத்துட்டு வாங்க!" என்றாள், உருண்டுகொண்டே.

பந்துவீச்சாளர் ஓடிவந்தார். வெளியே அவள் தனியாக என்ன செய்வாளோ என்று மாசிலாமணி நினைத்ததுதான் தாமதம், பயிற்சியெல்லாம் பறந்தது. அவர் நாற்காலியும் கிளம்பிவிட்டது.

உள்ளே ஊரே ஆர்ப்பரித்தது.

"கடைசிப் பந்தைப் பாக்காம ஏங்க வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? நாற்காலிதான் இழுத்துட்டு வந்துடுச்சு."